பாட்காஸ்ட் கேட்டுக்கொண்டே இருந்தால் காது தானாகத் திறக்குமா?

இரவுப்பணி | 2025 ஜூன் 8

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். பிரிட்டன் போவதற்காக ஓஇடி, அதாவது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு, எழுத வேண்டும். வாசிப்பில் பயமில்லை, லிசனிங்கில்தான் அடி வாங்குகிறேன். 350 தேவைப்படும் இடத்தில் மாதிரித் தேர்வுகளில் 300-க்கே திணறுகிறேன். வள்ளியூரிலிருந்து பஸ்ஸில் போகவர ஆங்கிலப் பாட்காஸ்ட் கேட்கிறேன். "புரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டே இருங்கள், காது தானாகத் திறந்துகொள்ளும்" என்று பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் கேட்டாயிற்று, திறந்தபாடில்லை. இதனால் பலன் கண்டவர்கள் யாராவது உண்டா?

கால்மிதி | ஜூன் 8, இரவு

திறக்காது. பஸ் இரைச்சலுக்கு நடுவே புரியாத பேச்சைக் கேட்டுக்கொண்டே போனால், புரியாத பேச்சைப் பொருட்படுத்தாமல் இருக்கத்தான் காது பழகும்.

இப்படி அடித்துச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். 2000களின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்த்தவள். அமெரிக்க மருத்துவர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் குறிப்பை வாயால் சொல்லிப் பதிவு செய்வார். அந்த ஒலிக்கோப்பு இங்கே வரும். அவர்களுக்கு இரவு, நமக்குப் பகல். மறுநாள் காலை அவர் மருத்துவமனைக்குள் நுழைவதற்குள் தட்டச்சு செய்த அறிக்கை அங்கே இருக்க வேண்டும். இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி, வரிக்கு இவ்வளவு பைசா என்று கணக்கு. காதுதான் சோறு போட்டது. மேசைக்கு அடியில் ஒரு மிதி இருக்கும். மிதித்தால் ஒலி ஓடும், காலை எடுத்தால் நிற்கும், மறுபடி மிதித்தால் ஓரிரு நொடி பின்னால் போய் அங்கிருந்து தொடங்கும். என் பெயருக்குக் காரணம் அந்த மிதி.

ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு வந்தவர்கள்கூட முதல் வாரத்தில் கண்ணைக் கசக்கினார்கள். சொல் தெரியாமல் அல்ல. தெரிந்த சொற்கள் தெரிந்த மாதிரி ஒலிக்கவில்லை. நாம் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர்கள். கரும்பலகையில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, முழு உருவத்தோடு நின்றது. பேச்சில் அப்படி நிற்பதில்லை. எழுத்துத் தமிழை மட்டும் புத்தகத்தில் படித்துவிட்டு மாட்டுத்தாவணியில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர் நடத்துனரிடம் படும் பாட்டைத்தான் நாம் பாட்காஸ்டிடம் படுகிறோம்.

முறையை நாளை எழுதுகிறேன்.

கால்மிதி | ஜூன் 9

எழுத்துப்படி, அதாவது பேசியதை அப்படியே எழுத்தில் தந்த பிரதி, உள்ள பாட்காஸ்ட் ஒன்றை எடுங்கள். எழுத்துப்படி இல்லாவிட்டால் இந்தப் பயிற்சிக்கு அது உதவாது, எவ்வளவு அருமையான நிகழ்ச்சியாக இருந்தாலும் சரி. தொடக்கத்துக்கு பிபிசியின் சிக்ஸ் மினிட் இங்கிலிஷ் போதும். ஆறு நிமிடம், இரண்டு பேர் பேசுவார்கள், ஆரம்பத்தில் ஒரு கேள்வி கேட்டுக் கடைசியில் விடை சொல்வார்கள், எழுத்துப்படியும் அவர்கள் தளத்திலேயே இருக்கும். கொஞ்சம் நாடகத்தனமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முழுவதையும் ஒருமுறை சும்மா கேளுங்கள். பிறகு நடுவில் ஒரே ஒரு நிமிடத்தைத் தேர்ந்துகொண்டு, தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, காதில் விழுவதை அப்படியே எழுதுங்கள். விழாத இடத்தில் கோடு போடுங்கள். எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த சட்டம் இது: கேட்கவில்லையென்றால் வெற்றிடம் விடு, ஊகித்து எழுதாதே. வெற்றிடம் விட்டால் மேலே இருப்பவர் கேட்டு நிரப்புவார். ஊகித்து எழுதினால் அது நோயாளியின் கோப்பில் உண்மையாகிவிடும். உங்களுக்கு நோயாளி இல்லை, ஆனால் ஊகம் உங்களையே ஏமாற்றும். புரிந்துவிட்டது என்ற நினைப்பில் அடுத்த வரிக்குப் போய்விடுவீர்கள்.

எழுதி முடித்த பிறகுதான் எழுத்துப்படியைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள். சொல்லே தெரியாதா, அல்லது தெரிந்த சொல் பிடிபடவில்லையா? முதல் வகைக்கு அகராதி இருக்கிறது. இரண்டாவது வகைதான் உங்கள் நோய். அந்த இடத்துக்குத் திரும்பிப் போய், எழுத்தைப் பார்த்துக்கொண்டே, அது எப்படித் தேய்ந்திருக்கிறது என்று காதில் ஏறும்வரை கேளுங்கள்.

கால்மிதி | ஜூன் 9, மாலை

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று. பல செயலிகளில் பின்னோக்கித் தாவும் பொத்தான் 15 நொடிக்கு அமைந்திருக்கும். அது கதை கேட்பவர்களுக்கு. ஒரு சொல்லுக்காக 15 நொடி பின்னால் போனால், அந்தச் சொல் வருவதற்குள் கவனம் எங்கேயோ போய்விடும். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-இல் மூடப்பட்ட பிறகு நான் ஆன்டெனாபாட் என்ற செயலிக்கு மாறினேன். இலவசம், விளம்பரமும் இல்லை, தாவும் நொடியை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளலாம். மிதிக்கு ஈடாகாது, ஆனாலும் பரவாயில்லை.

கால்மிதி | ஜூன் 11

இரவுப்பணி தன் முதல் தாளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். பார்த்தேன். அவர் கோடு போட்ட இடங்களில் 'பிசியோதெரபி' இல்லை, 'ரிஹாபிலிடேஷன்' இல்லை. அவையெல்லாம் அழகாக எழுதப்பட்டிருக்கின்றன. கோடு விழுந்ததெல்லாம் 'ஆஃப்', 'ஹாவ்', 'ஹிம்', 'தேம்', 'கேன்' போன்ற ஒன்றாம் வகுப்புச் சொற்களில்.

எனக்கு இது ஆச்சரியமே இல்லை. ஆங்கிலப் பேச்சில் பொருள் சுமக்கும் சொல்லுக்குத்தான் அழுத்தம், இடையில் வரும் சின்னச் சொற்கள் நசுங்கிவிடும். 'கேவ் ஹிம்' என்பது 'கேவிம்'. 'டோல்ட் ஹர்' என்பது 'டோல்டர்'. 'நெக்ஸ்ட் டே' என்பது 'நெக்ஸ்டே'. நமக்கு எல்லா அசையும் ஏறக்குறைய ஒரே எடை. அதனால் ஆங்கிலத்திலும் எல்லாவற்றையும் சம எடையில் எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம்.

எங்களை அதிகம் வதைத்தது 'கேன்', 'கேன்ட்' விவகாரம். அமெரிக்கர் 'நடக்க முடியும்' என்று சொல்லும்போது 'கேன்' ஒரு முனகலாகிவிடும், ஏறக்குறைய 'க்கன் வாக்'. 'நடக்க முடியாது' என்று சொல்லும்போதோ உயிரெழுத்து முழுதாக ஒலிக்கும், கடைசி 'ட்' மட்டும் தொண்டைக்குள் நின்றுவிடும். ஆக, உங்கள் காதில் தெளிவாகக் 'கேன்' என்று விழுந்தால் அவர் பெரும்பாலும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார்! இது புரிவதற்குள் எத்தனை நோயாளிகள் படுக்கையிலிருந்து எழுந்து நடந்தார்களோ, மேலே சரிபார்த்த அக்காவுக்குத்தான் தெரியும். பிரிட்டிஷ்காரர்களும் பெரும்பாலான ஆஸ்திரேலியர்களும் 'காண்ட்' என்று நெடிலாகச் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஓஇடி எழுதுபவர்களுக்குக் கொடுப்பினை.

கால்மிதி | ஜூன் 12

'பழைய ரேடியோ' என்ற பெயரில் எழுதும் ஐயாவின் பதிவுக்குப் பதில். சிற்றலையில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஸ்பெஷல் இங்கிலிஷ் கேட்டுத்தான் ஆங்கிலம் கற்றேன், இந்த வெற்றிடக் கணக்கெல்லாம் எங்களுக்கு இல்லை என்கிறார். மறுக்கவில்லை. 1959 அக்டோபரில் தொடங்கிய நிகழ்ச்சி அது. சுமார் 1,500 சொற்களுக்குள் செய்தி, சாதாரண வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அந்தக் குரல்களில் ஒரு சொல்கூட இன்னொன்றை இடிக்காது. தொடக்க நிலையில் இருப்பவருக்கு அது வரம். 2025 மார்ச்சில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ஊழியர்களை விடுப்பில் அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் இரவுப்பணியின் சிக்கல் வேறு. அவருக்குச் சொல் தெரியும், வாக்கியம் தெரியும். இடித்துக்கொண்டு வரும் சொற்களைப் பிரிக்கத்தான் தெரியவில்லை. இடிக்காத பேச்சைக் கேட்டு அதை எப்படிக் கற்பது?

கிரிக்கெட் வர்ணனை மட்டும் எளிதாகப் புரிந்துவிடும் என்று ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. ஆட்டம் தெரிந்தவருக்கு அடுத்து வரக்கூடிய சொல் பாதி முன்கூட்டியே தெரியும், அதனால் காது நிதானமாக வேலை செய்கிறது. செவிலிக்கு அந்த ஆட்டம் எது? வார்டு. உலக அரசியலையும் தொழில்நுட்பத்தையும் விட்டுவிட்டு முதலில் மருத்துவ நிகழ்ச்சிகளைக் கேளுங்கள். சர்க்கரை நோயாளியின் காலைப் பற்றி அவர்கள் என்ன சொல்லப்போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

கால்மிதி | ஜூன் 14

வேகத்தை 0.75 ஆக்கினால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஆக்கிப் பாருங்கள். விழுங்கப்பட்ட ஒலி வேகத்தைக் குறைத்தால் திரும்பி வராது. 'கேவிம்' கொஞ்சம் நீளமான 'கேவிம்' ஆகும், அவ்வளவுதான். போதையில் பேசுவது மாதிரி வேறு இருக்கும். எங்கள் மிதியிலும் வேகக் கட்டுப்பாடு இருந்தது. புதிதாக வந்தவர்கள் குறைத்துக் குறைத்துப் பார்ப்பார்கள். பழகியவர்கள் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு நொடி பின்னால் போவார்கள்.

'தாமிரபரணி' என்ற பெயரில் எழுதுபவரின் கேள்வி இதைவிடக் கூர்மையானது. தேர்வில் ஒலி ஒருமுறைதான் வரும், திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகினால் அந்தப் பழக்கமே கெடுத்துவிடாதா? கெடுக்கும், இதை மட்டுமே செய்தால். ஓஇடி லிசனிங் சுமார் 40 நிமிடம், 42 கேள்வி. 'ஏ' பகுதியில் நோயாளியுடனான இரண்டு உரையாடல்களைக் கேட்டு 24 இடங்களை நிரப்ப வேண்டும், 'பி'யில் வார்டில் நடக்கிற மாதிரியான ஆறு சிறு துண்டுகள், 'சி'யில் இரண்டு நீண்ட பேச்சோ பேட்டியோ. எதற்கும் இரண்டாம் வாய்ப்பு கிடையாது. ஒரு சொல்லைத் தவறவிட்டால் அதையே நினைத்துக்கொண்டு அடுத்த மூன்றையும் விட்டுவிடுவதுதான் வழக்கமான விபத்து. அதனால் வாரத்தில் ஒரு நாள் பொத்தானைத் தொடாமல், தாளில் குறிப்பெடுத்தபடி ஒரு நிகழ்ச்சியை நேராகக் கேட்டு முடியுங்கள். போனது போகட்டும் என்று விடுவதும் ஒரு திறமை. மிதிக்காரிகளுக்கு அது கடைசிவரை வரவில்லை. எனக்கு இன்றும் திருமண வீட்டில் யாராவது முணுமுணுத்தால் கால் தானாக மேலே எழும்.

கால்மிதி | ஜூன் 19

எண்கள். தனியாகச் சொன்னால் 'ஃபிஃப்டீன்' பின்பகுதியில் அழுந்தும், 'ஃபிஃப்டி' முன்பகுதியில் அழுந்தும் என்று எல்லாப் பயிற்சி மையங்களிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். சரிதான். ஆனால் பின்னாலேயே 'மில்லிகிராம்' வந்துவிட்டால் 'ஃபிஃப்டீன்' தன் அழுத்தத்தை முன்னால் தள்ளிவிடும், அந்தத் தடயம் அழிந்துவிடும். மிஞ்சுவது கடைசியில் வரும் 'ன்' மட்டுமே. அது 'மில்லி'யின் 'ம்'மோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கவனமான மருத்துவர்கள் 'ஒன் ஃபைவ்' என்று பிரித்துச் சொல்வார்கள். அந்த மகராசர்களின் கோப்பு வந்தால் நாங்கள் சண்டை போட்டு எடுத்துக்கொள்வோம். சந்தேகம் வந்தால் எங்களுக்கு மருந்தே உதவியது. எந்த மாத்திரை எந்த அளவில் கிடைக்கிறது என்று தெரிந்தால் காது தடுமாறினாலும் வெற்றிடத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு எண்ணைக் குறித்துவைக்கலாம். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்தது முதுகும் பையும். தமிழில் எழுதினால் இரண்டுமே 'பேக்'. ஆங்கிலத்தில் கடைசி மெய்யெழுத்தைப் பெரும்பாலும் வெடித்து ஒலிக்கவிடமாட்டார்கள், ஆகவே அங்கே எதையும் தேடாதீர்கள். உயிரெழுத்தைக் கேளுங்கள். பையில் அது நீளும், முதுகில் வெட்டுப்பட்டு நிற்கும். எங்களோடு வேலை பார்த்த ஒருத்தி, குடல் அறுவைக்குப் பின் வயிற்றில் பை மாட்டியிருந்த நோயாளிக்கு 'தினமும் முதுகை மாற்ற வேண்டும்' என்று எழுதிக்கொடுத்தாள். நல்லவேளை, மேலே பிடித்துவிட்டார்கள்.

கால்மிதி | ஜூன் 23

எந்தப் பாட்காஸ்ட் என்று கேட்டு உள்பெட்டி நிரம்புகிறது. நான் பட்டியல் போடும் ஆள் இல்லை. ஓஇடிக்கு என்றால் இரண்டு சொல்வேன்.

ஆஸ்திரேலிய ஏபிசி வானொலியின் ஹெல்த் ரிப்போர்ட். 1985-இலிருந்து வருகிறது. நீண்டகாலம் நடத்திவரும் நார்மன் ஸ்வான் தானே மருத்துவர், ஸ்காட்லாந்தில் பிறந்தவர். ஆஸ்திரேலியாவில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் பேச்சில் அந்த மண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேட்டிக்கு வருபவர்களோ பச்சை ஆஸ்திரேலியர்கள். 'பெயின்' என்பது சிலர் வாயில் 'பைன்' என்று வரும், 'டுடே' ஏறக்குறைய 'டுடை'. ஓஇடி ஆஸ்திரேலியாவில் பிறந்த தேர்வு. அந்த உச்சரிப்பை முதன்முதலாகத் தேர்வு அறையில் சந்திக்காதீர்கள்.

மற்றொன்று பிபிசி ரேடியோ 4-இன் இன்சைட் ஹெல்த். பிரிட்டிஷ் மருத்துவமனைப் பேச்சு வழக்கு அதில் தானாகவே காதில் ஏறும்.

படித்துக்காட்டும் பேச்சு வேறு, பேசும் பேச்சு வேறு என்பதையும் கவனியுங்கள். செய்தி வாசிப்பவரும் கதை சொல்பவரும் எழுதிவைத்ததைத்தான் படிக்கிறார்கள். அமெரிக்காவின் திஸ் அமெரிக்கன் லைஃப், 1995-இலிருந்து வருவது, எழுத்துப்படிகளைத் தளத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதில் தொகுப்பாளர் பேசும் பகுதியை விட்டுவிட்டு, பேட்டி கொடுப்பவர் தடுமாறி, நிறுத்தி, வாக்கியத்தைப் பாதியில் திருப்பும் இடத்தில் ஒரு நிமிடம் எழுதிப் பாருங்கள். நோயாளிகள் அப்படித்தான் பேசுவார்கள்.

செயலிகள் தானாகத் தரும் எழுத்துப்படி பற்றி. ஆப்பிள் 2024 மார்ச்சிலிருந்து தருகிறது. வசதிதான். ஆனால் இயந்திரமும் நம்மைப் போலவே சின்னச் சொற்களில்தான் சறுக்கும், அதுவும் வெற்றிடம் விடாமல் தைரியமாக ஊகித்து எழுதும். கேன், கேன்ட் சண்டைக்கு அதை நடுவராக வைக்காதீர்கள். எங்கள் வேலையைப் பறித்த இயந்திரத்தின் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு என்பதையும் சேர்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

கால்மிதி | ஜூலை 2

பஸ்ஸில் கேட்பது பற்றி முதல் பதிவில் நான் காட்டிய கடுமையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். இரவுப்பணி ஒரு விஷயம் எழுதியிருந்தார். வீட்டில் வெற்றிடம் போட்டுக் கிழித்தெடுத்த அதே பகுதியை மறுநாள் பஸ்ஸில் கேட்டால், இரைச்சலிலும் புரிகிறதாம். அதே தொகுப்பாளரின் புதிய பகுதியும் முன்பைவிட நன்றாக விழுகிறதாம். யோசித்துப் பார்த்தால் எங்களுக்கும் அப்படித்தான். ஒரு மருத்துவரின் முதல் கோப்பு நரகம், பத்தாவது கோப்பில் அவர் மூச்சு விடுவதற்கும் 'தி' சொல்வதற்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். அதனால்தான் மேலாளர்கள் ஒரு மருத்துவரை ஒருவருக்கே ஒதுக்குவார்கள். அமெரிக்காவில் இருக்கும் தெலுங்கு மருத்துவர் ஒருவரின் கோப்பை முதல்முறையே தடங்கலில்லாமல் முடித்துவிட்டு, சொந்த ஊருக்கு வந்த மாதிரி நான் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

ஆகவே பஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிய, புரியாத, எழுத்துப்படி பார்க்காத ஒன்றை அங்கே தொடங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் உழுத பகுதியையும், பழகிய குரலையும் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிகழ்ச்சிக்குத் தாவாமல் இரண்டு குரலோடு சில வாரம் குடும்பம் நடத்துவது நல்லது.

கால்மிதி | ஜூலை 3

இல்லை, ஒரே குரலோடு தேர்வு அறை வரை போய்விடாதீர்கள். அங்கே வருபவர்கள் அனைவரும் அந்நியர்கள். 'சில வாரம்' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

கால்மிதி | ஜூலை 6

கூடவே பேசுவது, அதாவது ஒலிக்கு அரை நொடி பின்னால் அதையே வாய்விட்டுச் சொல்வது, மொழிபெயர்ப்பாளர் பயிற்சிகளில் உண்டு. தாமிரபரணி கேட்டதற்காகச் சொல்கிறேன்: செய்யலாம். நசுக்கப்பட்ட சொல்லை உங்கள் வாயாலும் நசுக்கிப் பார்த்தால் காதுக்கு அது பிடிபடுவது எளிது. ஆனால் இரவுப்பணி வீட்டில் அறையைப் பகிர்ந்துகொள்பவர். மற்றவர்கள் தூங்கட்டும்.

கால்மிதி | ஜூலை 13

புதிய தாள் வந்திருக்கிறது. கோடுகள் குறைந்திருக்கின்றன. இந்த முறை கோடுகளைவிட, கோடு போடாத ஒரு வரிதான் என்னை நிறுத்தியது.

பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவர் நோயாளியைப் பற்றிச் சொல்கிறார்: 'ஐட் ஹாவ் தாட் ஹீட் ஹாவ் பீன் சீன் பை நவ்'. வாயிலிருந்து வந்தது ஏறக்குறைய 'ஐடவ் தாட் ஈடவ் பின் சீன் பைநவ்'. இரவுப்பணி எழுதியிருப்பது, 'ஐ தாட் ஹீ ஹாஸ் பீன் சீன்'. வெற்றிடமே இல்லை, இலக்கணத்திலும் பெரிய குறையில்லை. பொருள்தான் தலைகீழ். அவர் சொன்னது, இதற்குள் யாராவது அவரைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேனே, இன்னும் பார்க்கவில்லையா என்ற அங்கலாய்ப்பு. இவர் எழுதியது, பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஓஇடியின் 'பி' பகுதியில் பணிமாற்ற உரையாடல் இப்படி வந்தால், மூன்று விடைகளில் தவறான ஒன்று சரியாக இந்தப் பொருளில் உட்கார்ந்திருக்கும்.

இரண்டு இடத்தில் 'ட்' தேய்ந்திருக்கிறது, இரண்டு இடத்தில் 'ஹாவ்' வெறும் 'அவ்' ஆகியிருக்கிறது. நான்கும் சேர்ந்தால் அரை நொடிகூட இருக்காது. எழுதும்போது உங்களுக்குத் துளி சந்தேகம் வந்ததா? 'ஐ'க்கும் 'தாட்'டுக்கும் நடுவே ஏதோ ஒன்று ஓடியது என்று தோன்றியிருந்தால் அங்கே கோடு விழுந்திருக்க வேண்டும். தோன்றவே இல்லையென்றால் சொல்லுங்கள், இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

அடுத்த தாளுக்கு ஒரு மாற்றம். முழு வாக்கியமும் எழுத வேண்டாம். ஒரு நிமிடத்தில் வரும் 'ஹாவ்', 'ஹாட்', 'வுட்' மூன்றை மட்டும், தேய்ந்து வருவதையும் சேர்த்து, விரல்விட்டு எண்ணுங்கள். பிறகு எழுத்துப்படியில் எண்ணுங்கள். இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள். தாமிரபரணியும் அதே பகுதியை எண்ணட்டும். பழைய ரேடியோ ஐயாவுக்கும் அழைப்பு உண்டு, சிற்றலைக் காது என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.